வண்டியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்: போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
போக்குவரத்து மற்றும் சாலைப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள்,
சென்னை.

பொருள்: வீட்டிலேயே மின்சாரத்துக்கு மாற்றிய பெட்ரோல் வண்டிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பதிவு செய்ய வழி கேட்பது.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சேலத்தில் குகை என்ற பகுதியில் மோட்டார் வைண்டிங் பட்டறை நடத்துகிறேன். மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயிலைச் சுற்ற ஆரம்பித்து 22 வருஷம் ஆகிறது. முதலில் என் வீட்டுக்காரர் கடையைப் பார்த்தார், நான் வீட்டில் உட்கார்ந்து காயில் மட்டும் சுற்றிக் கொடுப்பேன். அவர் காலமான பிறகு இரண்டையும் நானே பார்க்கிறேன். தறி மோட்டார், ஜவ்வரிசி ஆலை மோட்டார், கிணற்று மோட்டார், மாவு கிரைண்டர் என்று எரிந்துபோனதெல்லாம் என் மேசைக்கு வரும். பிரித்ததும் அடிக்கிற வாசனையை வைத்தே, தண்ணீர் புகுந்து போனதா, ஒரு ஃபேஸ் இல்லாமல் ஓடிக் கருகியதா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. கீழே எழுதப்போவது, ஏதோ ஆசையில் வண்டியைப் பிரித்துப் போட்டவளின் பேச்சு என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

என் வேலையில் பாதி மலைமேல். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பழம் உரிக்கிற மிஷினின் மோட்டாரோ தண்ணீர் பம்பு மோட்டாரோ நின்றுவிட்டால், அறுவடை நேரத்தில் ஒரு நாள்கூடத் தாங்க மாட்டார்கள். பறித்த பழம் அன்றைக்கே உரிபட வேண்டும், இல்லையென்றால் புளித்துவிடும். அதனால் நானே போய் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்து, இரவோடு இரவாகச் சுற்றி, வார்னிஷ் ஊற்றி, பல்பு வெளிச்சத்துச் சூட்டில் காயவைத்து, மறுநாள் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவேன். போக வர எங்களுடைய பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். தான். முன்னால் கால் வைக்கிற இடத்தில் மோட்டார், பின்னால் கருவிப் பை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. 16 வருஷம் அந்த வண்டி எங்களைச் சுமந்தது. கடைசியில் பிஸ்டனும் சிலிண்டரின் உட்சுவரும் தேய்ந்து, நாலாவது வளைவிலேயே மூச்சு வாங்க ஆரம்பித்தது. சிலிண்டரைக் கடைந்து ரீபோர் பண்ணச் சொன்னார் மெக்கானிக். தினமும் மோட்டாரோடு குடித்தனம் நடத்துகிறவள் எதற்கு இன்னொரு இன்ஜினுக்குச் செலவு செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

போன தை மாதம் தொடங்கினோம். நானும் என் தம்பியும். அவன் சூரமங்கலத்தில் லேத் வைத்திருக்கிறான். முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: மாற்றிய வண்டியைப் பொதுச் சாலையில் நான் ஒரு மீட்டர்கூட ஓட்டவில்லை. என் வாடிக்கையாளரான ஒரு தோட்டக்காரர் தன் தோட்டத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்ள அனுமதி கொடுத்தார். வண்டி, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏறித்தான் மலைக்குப் போனது.

அந்தத் தோட்டத்து மண்பாதை 3 கிலோமீட்டர். கீழ்க் கேட்டிலிருந்து மேல் களம் வரை ஏறக்குறைய 200 மீட்டர் உயரம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் வாக்கில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டர். அந்தப் பாதையில் ஆறு தடவை ஏறினால் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறிய கணக்கு. வண்டி, நான், சுமை எல்லாம் சேர்த்து 200 கிலோ. 200 கிலோவை 1,200 மீட்டர் தூக்குவதற்கு 0.65 யூனிட் மின்சாரம் போதும். இது பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிற கணக்குத்தான். உருளும் தடை, மோட்டாரிலும், அதற்குக் கரண்டை அளந்து விடும் கண்ட்ரோலரிலும் வீணாகும் சூடு எல்லாம் சேர்ந்து எங்கள் மீட்டரில் ஆறு ஏற்றத்துக்கு 1.1 யூனிட் காட்டியது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறத்தாழ 9 யூனிட் சக்தி இருக்கிறது. அதில் முக்கால்வாசி சைலன்சர் வழியாகவும் இன்ஜின் சூடாகவும் போய்விடுகிறது.

ஆனால் அந்த ஆறு ஏற்றம் முதல் முயற்சியிலேயே வந்துவிடவில்லை. அந்தத் தோல்வியை நீங்கள் அவசியம் கேட்க வேண்டும், ஏனென்றால் என் கோரிக்கையே அதிலிருந்துதான் பிறந்தது.

முதலில் போட்டது ஹப் மோட்டார். சக்கரத்துக்குள்ளேயே இருக்கும், மாட்டுவது சுலபம், சமதளத்தில் அருமையாக ஓடும். மூன்றாவது ஏற்றத்தில் பாதி வழியில் எனக்குப் பழக்கமான வாசனை வந்தது. வார்னிஷ். உடனே நிறுத்தினேன். சக்கரத்தின் மேல் கை வைக்க முடியவில்லை. பட்டறைக்குக் கொண்டுவந்து பிரித்தால், காயில் முழுக்கப் பழுப்பேறியிருந்தது. மலையில் வண்டி மெதுவாகப் போகும், இழுவை மட்டும் அதிகம் வேண்டும். கியர் இல்லாத ஹப் மோட்டார் அந்த இழுவையைக் கரண்டை அள்ளி இழுத்துத்தான் கொடுக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் காயிலில் சூடு நான்கு மடங்கு. அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் மூடிய சக்கரத்துக்குள் கிடக்கும். மோட்டாருக்குள் இருக்கும் சாதாரண நியோடைமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் பலம் இழக்கத் தொடங்கும், ஆறிய பிறகும் முழுசாகத் திரும்பாது. ஊருக்குள் ஐந்து ரோட்டிலிருந்து ஜங்ஷன் வரைக்கும் சமதளத்தில் மட்டும் இந்த வண்டியை ஓட்டியிருந்தால் இந்தக் குறை வாழ்நாளுக்கும் தெரிந்திருக்காது.

ஹப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, இன்ஜின் இருந்த இடத்திலேயே 2 கிலோவாட் மோட்டாரை வைத்தோம். தம்பி பிராக்கெட் கடைந்தான், செயினும் பெரிய பல்சக்கரமும் போட்டான். மோட்டார் வேகமாகச் சுற்றும், சக்கரம் நிதானமாகச் சுற்றும். சேஸியில் ஓர் இடத்திலும் வெட்டவில்லை, வெல்டிங் வைக்கவில்லை. இன்ஜின் உட்கார்ந்திருந்த அதே போல்ட் துளைகள்தான். காயிலுக்குள் நானே ஒரு வெப்ப சென்சாரைச் சொருகி வைத்தேன். ஆறு ஏற்றம் முடிந்தபோது அது 72 டிகிரி காட்டியது.

இறங்கும்போதுதான் நிஜமாகவே பயந்தேன். மலைப் பாதையில் ‘முதல் அல்லது இரண்டாவது கியரில் இறங்கவும்’ என்று பலகை வைத்திருக்கிறீர்கள். அந்தப் பலகையின் அர்த்தம் பெட்ரோல் இன்ஜினை எடுத்த பிறகுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. இன்ஜின் இருந்தவரை ஆக்ஸிலேட்டரை விட்டால் வண்டியைக் கொஞ்சமாவது பிடித்து நிறுத்தும். மோட்டார் சும்மா உருளும். 200 கிலோவை மேலே தூக்கிய அதே 0.65 யூனிட் சக்தி, இறங்கும்போது பெரும்பாலும் இரண்டு சின்ன டிரம் பிரேக்கின் தலையில் விழுகிறது. இரண்டாவது இறக்கத்தின் முடிவில் பிரேக் லீவர் கைப்பிடியைத் தொடுகிற அளவுக்கு இறங்கிவிட்டது. வண்டியை மண்மேட்டில் சாய்த்து நிறுத்தி, பாட்டில் தண்ணீரைப் பின் டிரம்மில் கொஞ்சம் தெளித்தேன். சுர்ரென்று ஆவியாகிப் போனது. அன்றைக்கு இதற்கு மேல் வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

இதற்கு மருந்து என் தொழிலிலேயே இருந்தது. பிரஷ் இல்லாத பி.எல்.டி.சி. மோட்டாரின் மூன்று ஃபேஸ் வயரையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். களிமண்ணுக்குள் சுற்றுவதுபோல் இறுகும். சுற்றுகிற மோட்டார் ஜெனரேட்டர் ஆகிவிடுகிறது. அதைக் கண்ட்ரோலரில் முறையாக அமைத்தால், இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்து, பேட்டரிக்கும் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும். எங்களுக்கு ஆறு இறக்கத்தில் 0.2 யூனிட் திரும்பக் கிடைத்தது. கிடைத்த மின்சாரத்தைவிட, டிரம்மில் கை வைக்க முடிந்ததுதான் எனக்குப் பெரிசு. இதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மலைமேல் பேட்டரியை முழுசாக சார்ஜ் போட்டுவிட்டு உடனே இறங்கினால், பேட்டரியில் வாங்கிக்கொள்ள இடம் இருக்காது. பேட்டரியைக் காக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட், திருப்பி வருகிற மின்சாரத்தைத் துண்டித்துவிடும். வளைவின் நடுவில் மோட்டார் பிரேக் திடீரென்று இல்லாமல் போகும். அதனால் மேலே 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறாதபடி வைத்திருக்கிறோம். முன் பின் இரண்டு டிரம்மிலும் புது லைனிங் போட்டு, பழைய பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினாலும் எத்தனை தூரம் தாங்கும் என்று தனியாகப் பார்த்து எழுதி வைத்திருக்கிறோம்.

இவ்வளவையும் ஒரு 40 பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி, படம் எடுத்து, பில்களோடு எடுத்துக்கொண்டு மாவட்டத்தில் உள்ள ஒரு போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். “எந்தக் கம்பெனி கிட்டுங்கம்மா? அப்ரூவல் சர்டிபிகேட் இருக்குங்களா?” என்று கேட்டார். வண்டியை மாற்றுவதற்குக் கம்பெனி விற்கிற பாகத் தொகுப்பைத்தான் கிட் என்றார். நாங்களே செய்தது என்றேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தார், நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்றும் சொன்னார். “ஆனா வண்டிய நாங்க பார்க்கறதுக்கே விதி இல்லைங்கம்மா” என்றார். வண்டி சரியில்லை என்று சொல்லியிருந்தால் திரும்ப வந்து சரிசெய்திருப்பேன். பார்க்கவே விதியில்லை என்றால் நான் எதைச் சரிசெய்வது?

சட்டத்தைத் தேடிப் படித்தேன், கல்லூரியில் படிக்கிற என் மகள் உட்கார்ந்து விளக்கினாள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. அதே பிரிவு, பேட்டரி, சூரிய சக்தி, எரிவாயு போன்றவற்றில் ஓடும்படி கிட் பொருத்தி மாற்றுவதற்கு நிபந்தனையோடு இடமும் கொடுக்கிறது. 2016-இல் மத்திய அரசு மின்சார கிட்டுக்கான விதிகளைக் கொண்டுவந்தது, அதற்கு ஏ.ஐ.எஸ். 123 என்ற தரநிலையும் இருக்கிறது. அந்த வழியில் கிட் தயாரிக்கிற கம்பெனி சோதனை நிலையத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும், அந்தக் கம்பெனி அங்கீகரித்த இடத்தில்தான் பொருத்த வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்கப்போகிறவர்களுக்கு அது நியாயமான வழி, அதை நான் குறை சொல்லவில்லை. ஒரே ஒரு வண்டியை மாற்றுகிற வைண்டிங் கடைக்காரிக்கு அந்த வாசலில் நுழைய முடியாது. அனுமதிக்காத விதத்தில் வண்டியை மாற்றினால் 182ஏ பிரிவின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்சூரன்ஸும் கைகொடுக்காமல் போகலாம். அதனால்தான் சாலைக்குக் கொண்டுவரவில்லை.

அதே 52-ஆவது பிரிவில் 2019-இல் வந்த திருத்தத்தைப் படித்தபோதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. மாற்றுத்திறனாளி ஒருவர் தன் வண்டியைத் தனக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டு, அதன்பின் பதிவு அலுவலரிடம் ஒப்புதல் வாங்கலாம் என்று அது சொல்கிறது. எங்கள் தெருவிலேயே சைடு வீல் போட்ட ஸ்கூட்டர் ஒன்று ஓடுகிறது. உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்யப்பட்ட மாற்றத்தை அலுவலர் கண்ணால் பார்த்துச் சரியென்று சொல்ல முடியும் என்று நம் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. நியூசிலாந்தில் வீட்டில் மாற்றிய மின்சாரக் கார்களுக்கும் இப்படித்தான். அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் ஒருவர் அந்த ஒரு வண்டியை மட்டும் சோதிப்பார், தேறினால் அதில் ஒரு தகடு பொருத்தப்படும். நம்மிடம் ஆட்களுக்குப் பஞ்சமா? மோட்டார் வாகன ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கருப்பூரில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அதோடு, குறிப்பிட்ட தேவைக்காக மாற்றத்துக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை 52-ஆவது பிரிவு மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. விதியை மாற்றுவது உங்கள் கையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மாநிலத்தின் ஆணையர் எழுதிக் கேட்டால் அதற்கு எடை உண்டு. தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கை சென்னை, கோவை, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி ஆகிய 6 ஊர்களை மின்வாகன நகரங்களாக ஆக்கப்போவதாகச் சொல்கிறது. சேலத்தின் பெயரை அதில் பார்த்தபோது என் பட்டறையும் அதில் சேர்த்தி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

நான் கேட்பது சலுகை இல்லை, சோதனை. எவ்வளவு கண்டிப்பான சோதனையாக இருந்தாலும் சரி. சேலம் மாவட்டத்தில் மட்டும், இரண்டு சக்கர வண்டிகளுக்கு மட்டும், ஒருவருக்கு ஒரு வண்டி என்று முதலில் வைத்துப் பாருங்கள். மின்னழுத்தம் 60 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். எங்களுடையது எல்.எஃப்.பி. என்கிற லித்தியம் வகையில் 16 செல், சாதாரணமாக 51.2 வோல்ட், முழு சார்ஜில் 58.4. பேட்டரியை வீட்டில் கட்டக் கூடாது, பேட்டரிப் பாதுகாப்புத் தரநிலையான ஏ.ஐ.எஸ். 156 சான்று பெற்ற பேக்கைத்தான் வாங்கிப் போட வேண்டும் என்று சொன்னாலும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பேக்கைக் கழற்றிவிட்டுச் சான்று பெற்றதை மாட்டுகிறேன், அது செலவுதான், ஆனால் நியாயமான செலவு. சேஸியை வெட்டக் கூடாது, மொத்த எடை கம்பெனி அனுமதித்ததைத் தாண்டக் கூடாது என்று எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மலைச் சோதனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: சுமையோடு முழு ஏற்றம் ஏறிக் காயிலின் சூட்டைக் காட்ட வேண்டும், முழு சார்ஜ் பேட்டரியோடு இறங்கிப் பிரேக்கைக் காட்ட வேண்டும். இந்த இரண்டிலும் தேறாத வண்டியை என்னுடையதாகவே இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

இந்த வாசலைத் திறக்காததால் யாரும் வண்டியை மாற்றாமல் இருக்கவில்லை. என் கடைக்கே வருகிறார்கள். சின்னப் பையன்கள். பழைய லேப்டாப் செல்களை உரித்து, டேப் சுற்றி, சைக்கிளிலும் மொபெட்டிலும் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். ஒருவன் கரண்ட் பத்தவில்லை என்று பி.எம்.எஸ்.ஸையே விலக்கி நேரடியாக இணைத்துவிட்டு வந்திருந்தான். இன்னொருவன் வீட்டு போர்டில் இருந்த, கரண்ட் அதிகமானால் தானே அணையும் சாதாரண எம்.சி.பி. சுவிட்சைக் கழற்றி வண்டியில் போட்டிருந்தான். வீட்டுக்கு வருகிற ஏ.சி. மின்சாரம் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், அந்த நேரத்தில் பொறி அணைந்துவிடும். பேட்டரியின் டி.சி. எப்போதும் பூஜ்யத்துக்கு வராது. அதற்கென்று செய்யாத சுவிட்சில் பொறி அணையாமல் நின்று எரியும். அந்தப் பையனுக்கு இது தெரியவில்லை, சொல்லிக் கொடுக்க யாருமில்லை. அவன் அந்த வண்டியைத் தன் அம்மா படுக்கிற அறையில் வைத்து சார்ஜ் போடுகிறான். 2022-இல் கம்பெனி வண்டிகளே தீப்பிடித்து, அதன் பிறகுதான் பேட்டரித் தரநிலையை அரசு கடுமையாக்கியது. கம்பெனிக்கே அப்படியென்றால் படுக்கையறையில் சார்ஜ் போடுகிற வண்டியை யாராவது ஒருவர் திறந்து பார்க்க வேண்டாமா? சோதனை என்று ஒன்று இருந்தால் அவன் அதற்காகவாவது எம்.சி.பி.யை மாற்றுவான். என்னால் அவனுக்கு ஒரு டி.சி. எம்.சி.பி. கொடுத்து அனுப்பத்தான் முடிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் அம்மாப்பேட்டையிலும் என்னைப்போல் வைண்டிங் கடைகள் நிறைய. தறிகள் குறைந்து வருகின்றன, கிரைண்டர் கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். மோட்டாரைக் கையால் தெரிந்தவர்களுக்கு வேலை குறைந்துகொண்டே போகிற இதே நேரத்தில்தான் சாலையில் ஓடுவதெல்லாம் மோட்டாராக மாறிக்கொண்டிருக்கிறது. எங்கள் கைக்கு அந்த வேலையில் ஓர் இடம் வேண்டும்.

வண்டி இப்போது தோட்டத்தில்தான் இருக்கிறது. கீழ்க் கேட்டிலிருந்து களத்துக்கு உரமூட்டை, மிளகு மூட்டை ஏற்றுகிறார்கள். நான் மோட்டாரை எடுத்துக்கொண்டு மலைக்குப் போவதென்றால் பஸ்ஸில் போகிறேன், பெரிய மோட்டார் என்றால் குட்டியானைக்கு வாடகை கொடுக்கிறேன்.

ஆய்வாளர் ஒருவரை அனுப்புங்கள், அல்லது எங்கே கொண்டுவர வேண்டும் என்று சொல்லுங்கள். திங்கள் தவிர எந்த நாளும் வரலாம், திங்களன்று தறிக்காரர்களின் மோட்டார் நிறைய வரும். நோட்டும் பில்லும் தயாராக இருக்கின்றன. சைடு கவரை நானே கழற்றி ஒவ்வொரு இணைப்பையும் காட்டுகிறேன். டிரம் சூட்டைப் பார்க்க வேண்டும் என்றால் ஆறு தடவையும் உங்கள் எதிரிலேயே இறங்கிக் காட்டுகிறேன், தம்பி ஸ்பேனரோடு கீழே நிற்பான்.

இப்படிக்கு,
மோட்டார் வைண்டிங் தொழிலாளி ஒருத்தி,
குகை, சேலம்.